மோல்மீன் மழையும் மார்ச் மாதக் கிணறும்

தென்கிழக்கு பர்மாவில், மோன் நாடு என்ற மாநிலத்தின் தலைநகரான மோல்மீனில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதங்களிலும் சராசரியாக மாதத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,400 மி.மீ.தான். ஆண்டு மொத்தம் என்று பார்த்தால் மோல்மீனுக்கு ஏறத்தாழ 4,800 மி.மீ., தெற்கே இருக்கும் தவாய்க்கு 5,000 மி.மீ.க்கும் மேல். ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதே ஊர்களில் கணக்கில் சேர்க்கும்படியாக மழையே கிடையாது. மார்ச் கடைசியில் முடோன், தன்பியூசயாட் பக்கம் நம் பர்மாத் தமிழர்கள் குடியிருக்கும் கிராமங்களுக்குப் போனால், யார் வீட்டுக் கிணற்றில் இன்னும் ஊற்று இருக்கிறது என்பதுதான் பேச்சு. ஆகஸ்டில் வாசல்வரை தண்ணீர் நின்ற அதே தெருவில்தான் இந்தப் பேச்சும் நடக்கிறது.

"காட்ட வெட்டுனாங்க, மழ போச்சு" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அதில் பாதி உண்மை. மழைக்காலத்தின் பெருமழையைக் கொண்டுவருவது கடலும் மலையும். காடு குறைந்ததால் ஆகஸ்ட் மழை நின்றுவிடவில்லை. காடு செய்வது வேறு வேலை. வந்த தண்ணீரைப் பிடித்துவைத்து, மழை இல்லாத மாதங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறது. பருவத்தின் இரண்டு ஓரங்களிலும், அதாவது ஏப்ரல்-மே கோடை மழைக்கும் செப்டம்பர்-அக்டோபர் கடைசி மழைக்கும் ஈரம் சேர்க்கிறது. நாம் இழந்துகொண்டிருப்பது இந்த ஓரங்களைத்தான். விவசாயிக்கும் கிணற்றுக்கும் உயிரே அந்த ஓரங்களில்தான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

மே மாத நடுவில் தென்மேற்குக் காற்று திரும்புகிறது. அதற்குள் வங்காள விரிகுடா, அந்தமான் கடல் இரண்டின் மேற்பரப்பும் 28 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கும். அந்த வெந்நீர்ப் பரப்பின்மேல் பல நூறு கிலோமீட்டர் தவழ்ந்து வரும் காற்று, வழியெல்லாம் ஆவியை உறிஞ்சிக்கொண்டே கரைக்கு வருகிறது. கரையைத் தொட்டதும் எதிரில் மலை. மோல்மீனுக்குத் தெற்கே ஓடும் தாவ்ங்ஞோ மலைகள், கிழக்கே பக்கத்துக் கரேன் மாநிலத்தின் தாவ்னா தொடர், அதற்கும் கீழே தாய்லாந்து எல்லையோடு நீளும் தனிந்தாரி மலைத்தொடர் என்று வரிசையாக நிற்கின்றன. தனிந்தாரியின் மியின்மோலெட்கட் சிகரம் 2,072 மீட்டர் உயரம். கடலுக்கும் எல்லை முகட்டுக்கும் இடையில் பல இடங்களில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

மலையில் மோதும் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஏறினால் விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. மேகம் உருவாகும்வரை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 டிகிரி வெப்பம் குறையும். ஆவி நீராகத் தொடங்கியபின் குளிரும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். காரணம், ஆவி நீராக மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழிருந்து புதிய ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. மழையே அடுத்த மழைக்கு ஆள் அனுப்பிக் கூட்டிவருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மலைகள் இமயம் மாதிரி பிரமாண்டமானவை இல்லை. ஒடுங்கலானவை, பல இடங்களில் ஆயிரம் மீட்டரைத் தொடாதவை. ஆனாலும் ஆசியப் பருவமழையின் மிகக் கனமான பட்டைகளில் இரண்டு, மேற்கே அரக்கான் கரையிலும் தெற்கே தனிந்தாரிக் கரையிலும் விழுகின்றன. இப்படிப்பட்ட ஒடுங்கிய மலைத்தொடர்கள் ஒட்டுமொத்தப் பருவமழையின் அமைப்பையே மாற்றும் வல்லமை உள்ளவை என்று 2006-ல் ஷாங்-பிங் சியே குழுவினர் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் காட்டினார்கள். அந்தப் படத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மழை மலையுச்சியில் மட்டும் பெய்யவில்லை. மலைக்கு முன்னால், கரையோரத்திலும் கடலின்மேலும்கூடக் கொட்டுகிறது. முகடு தூரத்தில் இருந்தும் மோல்மீன் நகரம் இப்படி நனைவதற்குக் காரணம் இதுதான்.

முகட்டைத் தாண்டிய காற்று இறங்கும்போது கதை தலைகீழாகிறது. இறங்கும் காற்று சூடாகும், மேகம் கரையும். அதனால்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் தாக், காஞ்சனபுரி ஊர்களுக்கு ஆண்டு மழை 1,000 மி.மீ.யை ஒட்டியே நிற்கிறது. மேற்கிலும் இதே நியாயம்தான். அரக்கான் கரையில் சிட்வே ஆண்டுக்கு 4,500 மி.மீ. அளவில் நனைகிறது; அரக்கான் மலைகளைத் தாண்டினால் ஐராவதிக் கரையில் பாகான் வட்டாரத்துக்குச் சுமார் 600 மி.மீ. கேரளத்தில் கொட்டும்போது கம்பம், தேனிக்குச் சாரல் மட்டும் எட்டிப்பார்ப்பதைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த மலைகளின் மழைக்கு நம் இனத்தின் நினைவில் ஓர் இருண்ட இடம் உண்டு. 1942-43-ல் ஜப்பானியர் தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து தன்பியூசயாட் வரை 415 கி.மீ. ரயில்பாதை போட்டார்கள். மூன்று பகோடாக் கணவாய் வழியாக, இதே மலைத்தொடரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போன பாதை அது. போர்க் கைதிகளோடு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அந்த வேலையில் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் வேலையை முடுக்கினார்கள். ஒழுகும் குடிசை, நிரம்பி வழிந்த கழிவுக்குழி, கலங்கிய ஓடைத் தண்ணீர். காலரா முகாம் முகாமாகப் புகுந்தது. செத்தவர்களில் பெரும்பாலான தமிழர்களுக்குப் பெயர் எழுதிய கல்கூட இல்லை. மலைமழை என்றால் என்ன என்பதை அந்த மக்கள் எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரிந்துகொண்டார்கள்.

சரி, இப்போது காட்டுக்குள் போவோம்.

மோன் நாட்டிலும் அதன் தெற்கே தனிந்தாரிப் பகுதியிலும் மலையடிவாரத்துச் சமவெளிகளை ஒரு காலத்தில் பசுமை மாறா மழைக்காடுகள் மூடியிருந்தன. பர்மியர் கன்யின் என்று சொல்லும் எண்ணெய்மர வகைகள் கிளையில்லாமல் நேராக வளர்ந்து, மற்ற மரங்களுக்கு மேலே தலை தூக்கி நிற்கும். அதன் கீழே இன்னொரு அடுக்கு, அதற்கும் கீழே பிரம்பு, பனை வகைகள், கன்றுகள். இத்தகைய காட்டில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே ஐந்தாறு சதுர மீட்டர் இலைப் பரப்பு இருக்கும். மழைத்துளி நேராகத் தரைக்கு வரவே முடியாது. இலையில் விழும், நீண்ட இலைநுனி வழியாக அடுத்த இலைக்குச் சொட்டும், கொஞ்சம் பட்டை வழியாக வழிந்து வேரடிக்குப் போகும். லேசான தூறல் என்றால் முழுக்க இலையிலேயே தங்கிக் காற்றோடு போய்விடும். பெருமழையில் தொப்பென்று அடிக்கும் வேகம் இலைகளில் உடைந்து, கீழே வரும்போது மண்ணைக் கிளறாத அளவுக்குத் தணிந்துவிடும்.

தரையில் விழுந்த துளிக்கு இரண்டு வழி உண்டு: மேலே ஓடுவது, உள்ளே இறங்குவது. மட்கிய இலை, கறையான் துளை, மண்புழு வளை, செத்த வேர் விட்டுப்போன குழாய் என்று காட்டு மண் முழுக்க ஓட்டைதான். கனத்த மழையையும் அது உள்ளே வாங்கிக்கொள்ளும். அதே சரிவை வெட்டிச் சுத்தமாக்கி, புல்டோசர் ஏற்றி, நாலு மழை நேராக அடிக்கவிட்டால் மேல்மண் இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும். பிறகு பெய்வதெல்லாம் மேலேயே ஓடும், மண்ணையும் இழுத்துக்கொண்டு.

உள்ளே இறங்கிய தண்ணீரில் ஒரு பங்கை மரங்கள் குடிக்கின்றன. வேர் உறிஞ்சி, தண்டு ஏற்றி, இலையின் அடிப்பக்கத்துக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஆவியாக விடுகின்றன. வெப்பமண்டலத் தாழ்நிலக் காடு இப்படி இலையில் தங்கியதையும் சேர்த்து ஆண்டுக்கு 1,000 முதல் 1,400 மி.மீ. வரை தண்ணீரை மேலே திருப்பி அனுப்புகிறது. இந்த எண்ணை மோல்மீனின் 4,800-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெய்ததில் கால்பங்கு அளவுதான் மேலே திரும்புகிறது. மீதி ஓடையாகவும் ஆறாகவும் நிலத்தடி நீராகவும் கடலை நோக்கிப் போகிறது.

அமேசான் காட்டைப் பற்றிப் படித்துவிட்டு அதை அப்படியே பர்மாவுக்குப் பொருத்துகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அமேசானில் பெய்யும் மழையில் பாதியளவைக் காடு மேலே திருப்புகிறது. 1970-களின் கடைசியில் பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாத்தி மழைநீரில் இருக்கும் கனமான ஆக்சிஜனை அளந்து இதைக் கண்டார். காற்று உள்நாட்டுக்குள் போகப் போக கனமான ஆக்சிஜன் கொண்ட நீர் முதலில் மழையாக இறங்கிவிடும், ஆகவே உள்ளே பெய்யும் மழையில் அது நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். எதிர்பார்த்த அளவு குறையவில்லை. வழியெல்லாம் காடு தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். அங்கே கடலிலிருந்து ஆண்டீஸ் மலை வரை சுமார் 3,000 கி.மீ. தூரம், ஒரே தண்ணீர் பலமுறை விழுந்து எழ இடம் இருக்கிறது. தனிந்தாரியில் அதற்கு இடமே இல்லை. பெருமழைக் காலத்தில் காடு விடும் ஆவி, கடல் அனுப்பும் ஆவியோடு ஒப்பிட்டால் சின்னது. அதுவும் முகட்டைத் தாண்டிக் காற்றோடு போய்விடும்.

பெருமழைக் கணக்கை அதோடு மூடிவிட்டு வறட்சி மாதங்களின் கணக்கைத் திறந்தால்தான் காட்டின் அருமை தெரியும். பர்மாவில் அந்தக் காலத்தில் செட்டியார் கடையில் பணம் போட்டுவைப்பார்கள். கையில் மொத்தமாக வந்த காசை வரவு வைத்து, தேவைப்படும்போது மாதாமாதம் எடுத்துக்கொள்வார்கள், கடையும் தன் பங்கைப் பார்த்துக்கொள்ளும். காடு நடத்துவது இதே கணக்குத்தான். தன் பங்கான ஆயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கு சின்னதல்ல. காடு முழுக்கவே தண்ணீரைச் சேமிக்கிறது என்று சொல்வது தவறு; மரம் குடிக்கவும் செய்கிறது. ஆனால் மிச்சத்தை மண்ணுக்குள் இறக்கி, நவம்பரிலும் ஜனவரியிலும் ஊற்றாகத் தருவதற்கு அந்த ஓட்டை நிறைந்த மண் வேண்டும். மரத்தை வெட்டினால் பங்கு மிச்சமாகும். கூடவே கடையும் போய்விடும்.

மோல்மீன், பா-ஆன் பகுதிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சமவெளியில் திடீரென்று செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைக் குன்றுகள் அங்கே நிறைய. பா-ஆன் பக்கத்து ஸ்வெகபின் மலை 722 மீட்டர் உயரம். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் அரித்துத் துளை போட்டுவிடும். மேலே பெய்த மழை அந்தத் துளைகள் வழியாக இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வருகிறது. ஆனால் வெறும் பாறைத் துளை வழியாக இறங்கும் தண்ணீர் மிக வேகமாக வெளியேறிவிடும். பாறைக்கு மேலே இருக்கும் கொஞ்சம் மண்ணும் அதைப் பிடித்திருக்கும் வேர்களும்தான் அதைத் தாமதப்படுத்துகின்றன. சிமெண்டுக்காகக் குன்றுகளைக் குடையும்போது கல்லோடு சேர்ந்து இந்தத் தாமதமும் போகிறது.

முடோனுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் ஓர் அண்ணனிடம் பக்கத்து ஓடையைப் பற்றிக் கேட்டேன். "எங்க அப்பா காலத்துல தின்ஜானுக்கு இதுலதான் தம்பி குளிப்போம், முட்டி வரைக்கும் ஓடும். இப்ப மாசி பொறக்கயிலயே வெறும் மணலாக் கெடக்கு" என்றார். தின்ஜான் என்பது பர்மியப் புத்தாண்டு, ஏப்ரல் நடுவில் வருவது. ஆகஸ்டில் அதே ஓடை அவர் தோட்டத்துக் கரையைத் தின்றுவிட்டுப் போகிறது என்றும் சொன்னார். மொத்த மழை குறைந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. "வர்றது அப்படியேதான் வருது, நிக்க மாட்டேங்குது." பல பக்க அறிக்கைகளில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இனி ஓர மழைகள். மழை நின்று மூன்று நான்கு மாதமான பிறகு, பிப்ரவரி-மார்ச்சில், மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும். புல்லும் பயிரும் ஆவி விடுவதை நிறுத்திவிடும். பசுமை மாறாக் காடு அப்போதும் நிறுத்துவதில்லை. தாய்லாந்தில் சியாங்மாய் பக்கம் கோக்மா என்ற மலைக்காட்டு நீர்ப்பிடிப்பில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோபுரம் கட்டி அளந்து, 2003-ல் வெளியிட்ட முடிவு பலரை வியக்கவைத்தது. அந்தக் காட்டின் மரங்கள் ஆண்டிலேயே அதிகமாக ஆவி விடுவது மழைக்காலத்தில் இல்லை, கோடையின் கடைசியில். வெயில் கடுமை, காற்றின் வறட்சி, ஆழமான வேர் மூன்றும் சேர்ந்து அப்படிச் செய்கின்றன. போன வருஷத்து ஆகஸ்ட் மழையை மரம் மண்ணின் ஆழத்திலிருந்து எடுத்து இந்த வருஷத்து ஏப்ரல் வானத்துக்கு அனுப்புகிறது.

ஏப்ரலில் கடற்காற்று இன்னும் பருவக்காற்றாக மாறியிருக்காது. பகலில் கடலிலிருந்து கரைக்கும், சமவெளியிலிருந்து மலைச்சரிவுக்கும் மெல்லிய காற்று ஏறும். சமவெளிக் காடு விட்ட ஆவி அந்தக் காற்றோடு சரிவில் ஏறி, பிற்பகலில் முகட்டுக்கு மேலே மேகமாகத் திரளும். மாலையில் இடியோடு கோடை மழை. இரவில் காற்று திரும்பி இறங்கும். தண்ணீர் ஓடை வழியாக மறுபடி சமவெளிக் காட்டுக்கு வரும். மலைக்கும் தாழ்நிலக் காட்டுக்கும் இடையில் தண்ணீர் உண்மையிலேயே சுற்றி வருவது இந்த நாட்களில்தான். கடலின் சத்தம் ஓங்கியிருக்கும் ஜூலையில் இந்தச் சின்னச் சுற்று காதில் விழாது.

பருவத்தின் மறுமுனையிலும் இதே கதை. ஷின்ஜிரோ கனாயே முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் தாய்லாந்தின் பல பத்தாண்டு மழைப் பதிவுகளை எடுத்து மாதம் மாதமாகப் பிரித்துப் பார்த்து 2001-ல் எழுதினார்கள். அந்தக் காலத்தில் தாய்லாந்தின் காடு பெருமளவு அழிந்திருந்தது. மழை தெளிவாகக் குறைந்திருந்தது செப்டம்பரில் மட்டும். ஏன் செப்டம்பர்? மேற்குப் பருவக்காற்று அப்போதுதான் தளர்கிறது. கடலின் கை தளரும் மாதத்தில் உள்ளூர் ஈரம்தான் மழையைத் தாங்க வேண்டும். அந்த ஈரத்தைத் தரும் காடு அங்கே இல்லாமல் போயிருந்தது. "காடு போனால் மழை போகும்" என்ற பழைய பேச்சுக்கு இந்த வட்டாரத்தில் கிடைத்த நேர்மையான விடை இது என்று நினைக்கிறேன். மழை எல்லா மாதமும் போவதில்லை. எந்த மாதம் போகிறது என்பதுதான் விஷயம். நெல் கதிர் வாங்கும் நேரத்து மழை குறைந்தால், ஜூலையில் எத்தனை கொட்டி என்ன?

காற்று எல்லை பார்ப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தனிந்தாரிக் காடு விடும் மூச்சு தாய்லாந்துப் பக்கம் போகிறது. அரக்கான் மலைக்காடுகளின் மூச்சு, காற்றின் திசைப்படி, பர்மாவின் நடுவே இருக்கும் வறண்ட நாட்டின்மேல் போகிறது. கரையோரக் காட்டை வெட்டியவர் ஒருவர், அதன் ஈரத்தை இழப்பவர் இன்னொருவர். இழப்பவருக்குத் தான் எதை இழந்தோம் என்பதே தெரிய வாய்ப்பில்லை.

தாழ்நிலக் காடுதான் முதலில் போகிறது. அது சமதளம், சாலைக்குப் பக்கம், மண் ஆழமானது. 1999-க்குப் பிறகு அப்போதைய ராணுவ அரசு தனிந்தாரியை நாட்டின் சமையல் எண்ணெய்க் களமாக்கப் போவதாகச் சொல்லி, 5 லட்சம் ஏக்கர் செம்பனை என்று இலக்கு வைத்தது. காடு வெட்டப்பட்ட இடம் எல்லாவற்றிலும் செம்பனை வந்ததா என்றால் அதுவும் இல்லை. மரத்தை விற்றுவிட்டு நிலத்தைச் சும்மா போட்ட இடங்களும் உண்டு. நம் ஊர் ஆறுமணிக்குருவிக்கு உறவான கர்னி பிட்டா என்ற பறவை 2003-ல் தனிந்தாரித் தாழ்நிலக் காட்டில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. தாய்லாந்தில் அது ஏறக்குறைய இல்லாமல் போன நேரம். தாழ்ந்த சமதளக் காட்டைத் தவிர வேறு எங்கும் அது வாழாது. ஓடைகளைக் கோடையிலும் ஓடவைக்கும் காடும் அந்தப் பறவை கேட்கும் காடும் ஒன்றேதான்.

மோன் நாட்டில் செம்பனையைவிட ரப்பர்தான் பெரிது. நம் குடும்பங்கள் பலவற்றின் சோறு அதில் இருக்கிறது, ஆகவே ரப்பரைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. ரப்பர் தோட்டத்திலும் மரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அது காடு இல்லை. ரப்பர் கோடையில் இலையுதிர்த்து, மழை வருவதற்கு முன்பே, வறட்சியின் உச்சத்தில் புதுத்தளிர் விடும். சீனாவின் யுன்னானில் சிஷுவாங்பன்னா பகுதியில் அளந்து பார்த்தவர்கள், அந்த நேரத்தில் ரப்பர் ஆழ மண்ணிலிருந்து நிறையத் தண்ணீரை இழுப்பதைக் கண்டார்கள். ஓடைக்கு மிக மெலிந்த நேரமும் அதுதான். அதோடு, பால் வெட்டப் போக வழி வேண்டும் என்று மரத்தடியைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பதும் இருக்கிறது. செடி, சருகு எதுவும் இல்லாத மரத்தடியில், உயரத்து இலையிலிருந்து உருண்டு திரண்டு விழும் பெருந்துளி வெட்டவெளி மழையைவிடக் கடுமையாக மண்ணைக் குத்தும். மரம் இருந்தும் மண் ஓடுவது அதனால்தான்.

2019 ஆகஸ்ட் 9 காலை, மோன் நாட்டின் பவுங் நகரத்தையடுத்த தெ பியூ கோன் கிராமத்தின்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்தது. 70 பேருக்கு மேல் இறந்தார்கள். யாங்கோன்-மோல்மீன் நெடுஞ்சாலையில் போய்வரும் எல்லோருக்கும் பழக்கமான இடம் அது. நாள்கணக்கில் நிற்காத மழை, சரிவின் மண்ணை அதன் எடையே தாங்காத அளவுக்கு நிரப்பியிருந்தது. அடர்ந்த காடு இருந்திருந்தால் நிச்சயம் தப்பியிருக்கும் என்று சொல்வது பொய்யாகிவிடும். அந்த அளவு மழையில் காட்டுச் சரிவுகளும் சரிவதுண்டு. ஆனால் மேல்மண்ணைத் தைத்து வைத்திருப்பது வேர்தான், வெட்டிய மரத்தின் வேர் சில ஆண்டுகளில் மட்கிப்போகும் என்பதும் உண்மை. வானம் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் காற்று 7 சதவீதம் அளவுக்குக் கூடுதல் ஆவியைச் சுமக்கும். அந்தக் கனத்த மழை முதலில் இறங்குவது இந்தக் கரையோரச் சரிவுகளில்.

மலையும் காடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வறண்ட நாட்டின் நடுவிலேயே ஓர் உதாரணம் நிற்கிறது. பாகானுக்குத் தென்கிழக்கே போப்பா மலை, 1,518 மீட்டர் உயரமுள்ள பழைய எரிமலை. சுற்றிலும் முள்மரமும் எள்ளும் கடலையும் விளையும் காய்ந்த பூமி. மேலே ஏறினால் பசுமையான காடு, அடிவாரத்தைச் சுற்றி ஊற்றுகள். தனியாக நிற்கும் மலை, கடந்துபோகும் மேகத்திடமிருந்து பக்கத்துச் சமவெளிக்குக் கிடைக்காததை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதை எரிமலை மண்ணும் காடும் வருஷம் முழுக்கக் கீழே விடுகின்றன.

கடைசியாக ஆறுகள். திபெத்திலிருந்து வரும் சல்வீன், மோல்மீனில் ஜயிங், அதரான் ஆறுகளோடு சேர்ந்து கடலில் கலக்கிறது. ஐராவதி டெல்டா வழியாக இன்னும் பெரிய நீர். கடலில் விழுந்ததும் தண்ணீரின் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. முடிவதில்லை. நன்னீர் லேசானது, உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய போர்வையாக மிதக்கும். வங்காள விரிகுடாவுக்கு இப்படி ஆற்று நீரும் மழை நீரும் ஏராளமாகச் சேர்வதால், காற்று எத்தனை அடித்தாலும் அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் எளிதில் மேலே கலக்க முடிவதில்லை. மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. பெருமேகம் எழுவதற்கு வேண்டிய 28 டிகிரியை இந்த விரிகுடா விடாமல் வைத்திருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அரபிக்கடலின் மேற்குப் பகுதிக்கு இந்த வசதி இல்லை. அங்கே பருவக்காற்று அடித்ததும் கடல் குளிர்ந்துவிடுகிறது. ஆக, மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கடலுக்குப் போனபிறகும் அடுத்த மழைக்கான அடுப்பை அணையாமல் வைத்திருக்கிறது.

இவ்வளவிலும் நம் கையில் இருப்பது எது? கடலும் பருவக்காற்றும் மலையும் நம் கையில் இல்லை. ஓடைக்கரை இருக்கிறது. ரப்பர் வைத்திருப்பவர்கள் ஓடையின் இரு பக்கமும் சில மரங்கள் அகலத்துக்கு ரப்பரை விட்டுவிட்டு, நாட்டு மரத்தையும் மூங்கிலையும் புதரையும் தானாக வரவிடலாம். வரிசைகளுக்கு இடையில் தரையைச் செதுக்காமல் பயறுக்கொடியோ புல்லோ படரவிடலாம். பால் வெட்டப் போகும் பாதை மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். மலையேறும் தோட்டச் சாலையை நேர்குத்தாக வெட்டாமல் சரிவுக்குக் குறுக்கே வளைத்துப் போட்டால், மழைக்காலத்தில் அதுவே ஓடையாகாது. அடிவாரத்தில் மிச்சமிருக்கும் காட்டுத் துண்டுகளை, சிறியவை என்று ஒதுக்காமல், ஊருக்குப் பொதுவில் வைக்க வேண்டும். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021-க்குப் பிறகு பர்மா இருக்கும் நிலையில் அரசை நம்பி எதையும் திட்டமிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடைக்கரையில் ரப்பரை விடுவதற்கு யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. முடோன் அண்ணனின் தோட்டத்தில் கரையோர மூன்று வரிசை ரப்பர் எப்படியும் பால் வற்றிக் கிழமாகிவிட்டது. மறுநடவின்போது அந்த மூன்று வரிசையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.